மீன் முள்ளும் வெந்நீரும்

சங்கத் தொகை நூல்களுள் ஒன்றாகிய குறுந்தொகையில், நெய்தல் நிலத்துப் பெண் ஒருத்தியின் கூற்றாக ஒரு சிறு பாட்டு உண்டு. தலைவன் வந்து தன்னைக் காண்பதற்கு இதுவே தக்க சமயம் என்று யாரேனும் அவனிடம் சென்று சொன்னால் நன்றாயிருக்கும் என்பது அவள் விருப்பம். வீட்டில் பெரியவர் ஒருவரும் இல்லை. அன்னை, உப்பைக் கொடுத்து நெல் மாற்றி வருவதற்காக உப்பு விளையும் களத்துக்குச் சென்றிருக்கிறாள். தந்தையோ, சுறாமீன் தாக்கியதால் உண்டான புண் ஆறிவிடவே, மறுபடியும் பெருங்கடலுக்குள் போய்விட்டான்.

இப்பாட்டைப் படிக்கும் தமிழாசிரியர் அதில் காதலைக் காண்பார். நான் அறிவியல் ஆசிரியனாய் இருந்து பின்னர்த் தலைமையாசிரியனாய் ஓய்வு பெற்றவன். என் கண் அந்தப் புண்ணின்மேல்தான் சென்றது. அது எவ்வாறு ஆறிற்று? யார் மருந்திட்டார்? எத்தனை நாள் அவன் திண்ணையில் கிடந்தான்? அந்நாட்களில் வீட்டில் உலை எவ்வாறு கொதித்தது? புலவர் இவற்றைச் சொல்லவில்லை. சொல்வது அவர் வேலையும் அன்று. ஆனால், மாணவச் செல்வங்களே, மன்னர் பொருத போர்களுக்கு இருப்பதுபோலவே மீனவன் காலில் ஏறிய முள்ளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் நானும் ஒருமுறை தவறான பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

கடற்கரை மாணவர் அறிந்ததையே உள்நாட்டு மாணவர் பொருட்டு முதலில் கூறுகிறேன். திருக்கை என்பது முறம்போல் அகன்று தட்டையான மீன். அதன் வால் சாட்டையைப் போன்றது. அவ்வாலின்மேல் எலும்பு போன்ற உறுதியான முள் ஒன்று இருக்கும். சிலவற்றில் இரண்டு மூன்றும் இருக்கும். முள்ளின் இரு விளிம்பிலும் அரத்தின் பற்களைப்போலப் பின்னோக்கிய பற்கள் உள்ளன. ஆதலின் அது உடலினுள் ஏறுவது எளிது. வெளியே வருங்கால் தசையைக் கிழித்துக்கொண்டே வரும். முள்ளின் அடிப்புறத்தில் நெடுக ஓடும் இரண்டு பள்ளங்களில் நஞ்சு சுரக்கும் திசு இருக்கிறது. இவை யாவற்றையும் மெல்லிய தோலுறை ஒன்று மூடியிருக்கும். முள் குத்தியவுடன் உறை கிழிந்து நஞ்சு புண்ணில் கலக்கிறது. உறையின் துணுக்குகள் உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. இத்தனை படைக்கலம் இருந்தும் திருக்கை வலியச் சென்று யாரையும் தாக்குவதில்லை. ஆழமற்ற நீரில் மணலைப் போர்த்துக்கொண்டு கிடக்கும். மேலே கால் பட்டால் வாலைச் சுழற்றி அடிக்கும். அதனால்தான் கரையோர நீரில் நடக்கும் பழகிய மீனவர் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடப்பர். கெளுத்திக்கோ முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முட்கள். வலையிலிருந்து பிரித்தெடுக்கும்போது அவை விரலில் ஏறும். குளத்திலும் ஏரியிலும் வாழும் தேளி மீனின் பெயரே அதன் குணத்தைச் சொல்லிவிடும்.

இம்முட்களைப் பற்றிய அச்சம் மிகப் பழமையானது. கிரேக்கரின் தொல்கதை ஒன்றில், திராய்ப் போரை வென்று பல கடல்களைத் தாண்டி வீடு திரும்பிய ஒடிசியஸ் என்னும் வீரன், இறுதியில் திருக்கை முள்ளை முனையாகக் கொண்ட ஈட்டியால் இறக்கிறான். எறிந்தவன் அவனை இன்னானென்று அறியாத அவனுடைய மகனே. இஃது கதை. ஆனால் வரலாற்று மாந்தராகிய ரோமானிய அறிஞர் பிளினியும் கதைக்குக் குறையாமலே எழுதினார். திருக்கை முள்ளை ஒரு மரத்தின் வேரில் செருகினால் மரமே பட்டுப்போகும் என்பது அவர் கூற்று. அது கவசத்தையும் துளைக்கும் என்றார். வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, கி.பி. 79இல், அதன் அருகே சென்று உயிர்நீத்தவர் இவர்; நேரிற்சென்று காணும் ஆர்வம் மிக்கவர். ஆயினும் ஒரு முள்ளை எடுத்து ஒரு மரத்தில் செருகிப் பார்த்திருந்தால் அவ்வரியை எழுதியிருக்கமாட்டார். எளிய சோதனையைச் செய்யாமல் விடுவது அறிஞர்க்கும் உள்ள குறைதான்.

திருக்கை முள்ளால் குத்துண்டதைப் பற்றிய வரலாற்றுக் குறிப்புகளுள் சுவை மிக்கது 1608ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் ஜேம்ஸ்டவுன் என்னும் குடியிருப்பை நிறுவி ஓராண்டே ஆகியிருந்தது. கேப்டன் ஜான் ஸ்மித் என்பவர் பதினான்கு துணைவருடன் ஒரு திறந்த படகில் செசபீக் விரிகுடாவை ஆராயப் புறப்பட்டார். ராப்பகானக் ஆற்றின் முகத்துவாரத்தில் நீர் வற்றிப் படகு தரைதட்டி நின்றது. நீருக்குள் மீன்கள் திரள்திரளாய்த் தெரிந்தன. ஸ்மித் தம் வாளையே தூண்டிலாக்கி, மீன்களைக் குத்திக் குத்தி எடுத்தார். அவ்வாறு எடுத்த மீன்களுள் ஒன்று திருக்கை. அதன் தன்மை அறியாமல் வாளிலிருந்து கழற்றும்போது, அது தன் வால்முள்ளை அவர் மணிக்கட்டில் ஒன்றரை அங்குல ஆழம் செலுத்திவிட்டது. குருதி மிகுதியாக வரவில்லை; சிறு நீலப்புள்ளி ஒன்றே தெரிந்தது. ஆனால் நான்கு மணி நேரத்தில் கையும் புயமும் தோளும் வீங்கின. இனிப் பிழைக்கமாட்டார் என்று துணைவர் முடிவு செய்தனர். ஸ்மித்தே இடம் காட்ட, அருகிலிருந்த தீவில் அவருக்குக் குழியும் வெட்டினர். உடன் வந்த மருத்துவர் வால்டர் ரஸ்ஸல், சலாகையால் புண்ணின் ஆழத்தைத் தேர்ந்து, ஏதோ ஓர் எண்ணெயை இட்டார். இரவுக்குள் வலி தணிந்தது. ஸ்மித் அந்தத் திருக்கையையே சமைக்கச் செய்து இரவு உணவாக உண்டார். அவ்விடம் இன்றும் வர்ஜீனியா மாநிலத்தில் திருக்கைமுனை என்னும் பொருள்படும் பெயரோடு விளங்குகிறது.

கதை இனிதே முடிந்தது; ஆனால் வரலாற்று மாணவன் இங்கே நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஸ்மித்தைக் காத்தது எண்ணெயா? திருக்கை நஞ்சின் வலி, குத்துண்ட சிறிது நேரத்தில் ஏறத் தொடங்கி, ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சத்தை அடையும். அதன்பின் பல மணி நேரம், சிலருக்கு இரண்டு நாள் வரைகூட, படிப்படியாகக் குறையும். எண்ணெய் இட்டாலும் இடாவிட்டாலும் அது குறையத்தான் போகிறது. எனவே குறையும் நேரத்தில் எதை இட்டோமோ அதற்குப் புகழ் போய்ச் சேரும். உலகத்துக் கைமருந்துகளுள் பாதிக்கு மேல் இவ்வாறு பெயர் பெற்றவை என்பது என் எண்ணம். மீதிப் பாதியை அதனால் தள்ளிவிடவும் கூடாது. எது எந்தப் பாதியைச் சேர்ந்தது என்று அறிவதில்தான் தொல்லை இருக்கிறது.

சூட்டினால் நஞ்சை முறிக்கலாம் என்னும் எண்ணத்துக்கும் ஐரோப்பாவில் ஒரு கசப்பான வரலாறு உண்டு. துப்பாக்கிக் குண்டு பட்ட புண் நஞ்சேறியது என்று பதினாறாம் நூற்றாண்டு மருத்துவர் நம்பினர். அந்நஞ்சை அழிப்பதற்காகக் கொதிக்கும் எண்ணெயைப் புண்ணில் வார்த்தனர். 1537இல் இத்தாலியப் போர்க்களத்தில் அம்புரோய் பாரே என்னும் பிரெஞ்சு இளைஞருக்கு எண்ணெய் தீர்ந்துபோயிற்று. வேறு வழியின்றி முட்டை மஞ்சட்கரு, பன்னீர்ப்பூ எண்ணெய், டர்பன்டைன் ஆகியவற்றைக் குழைத்து எஞ்சிய வீரர்களுக்குப் பூசினார். நஞ்சால் அவர்கள் இறந்துபோயிருப்பார்களோ என்று அஞ்சி அன்றிரவு அவர் உறங்கவில்லை. விடியுமுன் எழுந்து பார்த்தால், குழம்பு பூசப்பட்டவர் அமைதியாய்க் கிடந்தனர். எண்ணெய் வார்க்கப்பட்டவர் காய்ச்சலிலும் வீக்கத்திலும் துடித்துக்கொண்டிருந்தனர். குண்டுக் காயத்தில் நஞ்சே இல்லை. சூடுதான் கேடு செய்தது. ஆகவே, படித்தவர் சூட்டுச் சிகிச்சையை ஐயுற்றதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவ்வையம் எனக்கும் இருந்தது.

1987ஆம் ஆண்டு. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியனாய் இருந்தேன். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து மூன்றே ஆண்டுகள். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு நிறைந்திருந்த பருவம். ஒரு சனிக்கிழமை காலை, ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்த சிறுவன் ஒருவன் கரைவலை இழுக்கும் இடத்தில் திருக்கையை மிதித்துவிட்டான். கூக்குரல் கேட்டு ஓடினேன். கணுக்காலின்மேல் கீறியதுபோல் ஒரு புண். சிறுவன் மணலில் புரண்டுகொண்டிருந்தான். அவன் பாட்டி, நெற்றியில் திருநீறும் இடுப்பில் சுருக்குப்பையுமாக வந்தாள். ஒன்றும் பேசாமல் அடுப்பிலிருந்து கஞ்சிக்கு வைத்த வெந்நீரை ஒரு வாளியில் ஊற்றிப் பச்சைத் தண்ணீர் கலந்து, தன் கையை விட்டுப் பார்த்து, பேரன் காலை அதனுள் வைத்தாள்.

நான் தடுத்தேன். “சூடு பட்டால் இரத்த ஓட்டம் கூடும். நஞ்சு உடம்பெல்லாம் பரவும். காலை எடுங்கள்” என்றேன். மீன் கம்பெனியிலிருந்து ஐஸ் கொண்டுவரச் சொல்லி, துணியில் கட்டிக் காலில் வைத்தேன். பாட்டி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க படிச்சவுக, வாத்தியாரய்யா” என்று மட்டும் சொல்லி விலகி நின்றாள். ஐஸ் வைத்த பின்னர்ச் சிறுவனின் அலறல் மிகுந்தது. பதினாறு மைல் தொலைவிலிருந்த மருத்துவமனைக்குப் பேருந்தில் கொண்டுசென்றோம். வழியெல்லாம் அவன் என் சட்டையைப் பற்றி இழுத்துக் கதறிய ஒலியை நான் மறக்கவில்லை. அங்கிருந்த இளம் மருத்துவர் புண்ணைப் பார்த்தார். ஐஸ் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். “இதை யார் வைத்தது?” என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் ஒன்றும் கூறாமல் ஒரு பேசினில் வெந்நீர் கொண்டுவரச் செய்து, தம் கையால் சூட்டைத் தேர்ந்து, காலை அதில் வைத்தார். அரை மணி நேரத்தில் சிறுவன் அழுகையை நிறுத்தினான். பிறகு புண்ணைக் கழுவி, உறைத்துணுக்குகளை எடுத்து, தனுர்வாதத் தடுப்பு ஊசி போட்டு அனுப்பினார்.

பாட்டி அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாய் இருந்திருக்கும்.

நூல்களைத் தேடியது அதன் பின்னர்த்தான். 1950களில் கலிபோர்னியாவில் ஃபின்ட்லே ரஸ்ஸல் என்னும் மருத்துவ அறிஞர் திருக்கை நஞ்சை முறைப்படி ஆராய்ந்தார். ஸ்மித்துக்கு எண்ணெய் இட்டவரும் ரஸ்ஸல். முந்நூற்றைம்பது ஆண்டு கழித்து வந்தவரும் ரஸ்ஸல். பெயர் ஒற்றுமை தவிர வேறு உறவில்லை. 1958இல் வெளியான ஆய்வில், ஐந்து ஆண்டுகளில் அமெரிக்கக் கரைகளில் நிகழ்ந்த 1,097 திருக்கைக் குத்துகள் கணக்கிடப்பட்டன. அவர்களுள் மருத்துவரை நாடியவர் 232 பேரே. மருத்துவமனையில் தங்க நேர்ந்தவர் 62 பேர். மற்றவரெல்லாம் தத்தம் வீட்டுப் பக்குவத்தோடு நின்றவர். திருக்கை நஞ்சு புரதத்தால் ஆனது. சூடு பட்டால் வலிமை இழப்பது. எனவே காயம்பட்ட உறுப்பைத் தாங்கக்கூடிய வெந்நீரில் வைப்பதே முதற்சிகிச்சை என்று மருத்துவ நூல்களில் இடம் பெற்றது. கடற்கரை மக்கள் வாளியில் செய்துவந்ததற்குச் சான்றோர் அவையில் ஓர் இருக்கை கிடைத்தது.

பின்னர் வந்த கணக்குகள் இன்னும் தெளிவானவை. 2007இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலிருந்து ஓர் அறிக்கை வெளிவந்தது. குத்துண்ட ஒரு நாளைக்குள் வந்து, முதலில் வெந்நீர் மட்டுமே அளிக்கப்பட்டவர் 67 பேர். அவர்களுள் 88 விழுக்காட்டினருக்கு வேறு மருந்தின்றியே அரை மணி நேரத்துக்குள் வலி நீங்கியது. அதற்கு முந்திய ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை நடந்தது. நீலச் சொறி கொட்டிய 96 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 45 பாகை வெந்நீரும் மறு பிரிவுக்கு ஐஸும் கொடுத்தனர். வெந்நீரால் வலி குறைந்தவர் 87 விழுக்காடு. ஐஸால் குறைந்தவர் 33 விழுக்காடு. இந்த எண்களைப் படித்த அன்று எனக்கு அந்தப் பேருந்துப் பயணம் நினைவுக்கு வந்தது.

வெந்நீர் எவ்வாறு வேலை செய்கிறது என்பதில் அறிஞரிடையே இரு கருத்துண்டு. வெந்த முட்டையின் வெண்கரு மறுபடி நீராவதில்லை; அதுபோல் நஞ்சின் புரதம் சூட்டால் நிலை குலைகிறது என்பது ஒன்று. தசையின் ஆழத்தில் அத்தனை சூடு ஏறுவதில்லை, ஆதலின் சூட்டுணர்ச்சியே நரம்பின் வழியே வரும் வலியுணர்ச்சியைத் தடுக்கிறது என்பது மற்றொன்று. பாட்டிக்கு இவ்விரண்டும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவள் செய்த ஒரு செயல் என் நினைவில் நிற்கிறது: தன் கையை முதலில் விட்டுப் பார்த்தாள். குத்துண்ட கால் மரத்திருக்கும், கொதிநீரும் அதற்குத் தெரியாது, தோல் வெந்துவிடும். நோயற்ற கையால் சூட்டைப் பார்க்க வேண்டும் என்று இன்று மருத்துவ நூல்கள் எழுதுகின்றன. நெஞ்சிலோ வயிற்றிலோ முள் ஏறினால் வெந்நீர் பேச்சே இல்லை. முள்ளைப் பிடுங்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஆஸ்திரேலிய இயற்கை ஆர்வலர் ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பர் 4ஆம் நாள் இறந்தது திருக்கை முள் மார்பில் பாய்ந்ததால்தான்.

நாணத்தோடு சில மாதம் கழித்துப் பாட்டியிடம் சென்றேன். அவளுக்குத் தெரிந்த பக்குவங்களையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். கெளுத்தி முள்ளுக்கு, வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம். தூண்டில் முள் தைத்தால், கொக்கியைப் பின்னோக்கி இழுக்காமல் முனையை முன்னே தள்ளி, வெளிவந்த முனையை நறுக்கிவிட்டுப் பின் உருவுதல். இதைத்தான் மருத்துவரும் செய்கின்றனர். வலைக்கயிறு அறுத்த கைக்கு மஞ்சள். வெட்டுக் காயத்தில் குருதியை நிறுத்தச் சாணச் சாம்பல். அவ்விடத்தில் எழுதுகோலை நிறுத்தினேன். அவளும் சற்று நிறுத்தினாள். பிறகு, அவளுடைய மூத்த மகன், பதினோரு வயதில், தூண்டில் முள் கிழித்த உள்ளங்கையில் சாணம் வைத்துக் கட்டிய எட்டாம் நாள் வாய் திறக்க மாட்டாமல், உடல் வில்லாய் வளைந்து இறந்ததைச் சொன்னாள். அது சாணத்தால் வந்தது என்று அவளுக்கு ஒருவரும் சொன்னதில்லை. கரையில் காற்றுச்சேட்டை என்றார்களாம்.

தனுர்வாதம் என்னும் பெயரிலேயே வில் இருக்கிறது. மண்ணிலும் சாணத்திலும் வாழும் நுண்ணுயிரே அதற்குக் காரணம் என்பது புதிய செய்தியன்று. 1884இல் ஜெர்மானியர் நிக்கோலையர், மண்ணை விலங்குகளின் உடலில் செலுத்தி அந்நோயை உண்டாக்கிக் காட்டினார். 1889இல் ஜப்பானியராகிய கிட்டசாட்டோ பெர்லினில் அந்நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்தார். 1924இல் தடுப்பு மருந்து உருவாயிற்று. அச்சிறுவன் இறந்தது 1950களில். முப்பது ஆண்டு கழிந்தும் அம்மருந்து அந்தக் கரையை வந்தடையவில்லை. ஒரே பெண்ணின் கையிலிருந்த ஒரு பக்குவம் பேரனின் வலியைப் போக்கியது. மற்றொன்று மகனின் உயிரைக் கொண்டது. இரண்டும் அவளுக்கு அவள் தாய் சொன்னவை. இரண்டிலும் அவளுக்கிருந்த நம்பிக்கை ஒன்றே.

படித்தவர் தந்த பக்குவங்களும் தப்பியதுண்டு. ஆஸ்திரேலியக் கடலில் பெட்டிச்சொறி என்னும் கொடிய சொறி உண்டு. அதன் இழைகள் ஒட்டிக்கொண்டால் எரிசாராயம் ஊற்ற வேண்டும் என்று பல்லாண்டு கற்பித்து வந்தனர். 1980இல் ஆராய்ந்து பார்த்தபோது, எரிசாராயம் பட்டதும் இழையில் வெடிக்காமலிருந்த நச்சுப் பைகளும் வெடிப்பது தெரியவந்தது. அவற்றை அடக்குவது வினிகர் என்னும் புளிக்காடியே. ஆனால் ஒரு சொறிக்கு நன்றானது மற்றொன்றுக்கு ஆவதில்லை; நீலச் சொறிக்கு வினிகர் வேண்டாம் என்பது அந்நாட்டார் விதி.

இனி என் சொந்தக் கணக்கில் எழுத வேண்டிய பிழை ஒன்று. கரையில் கவிழ்த்து வைத்த வத்தைகளின் அடியில் குளவி கூடு கட்டும். வத்தையை நிமிர்த்துங்கால் கொட்டும். தேனீக்குச் சுண்ணாம்பு, குளவிக்குப் புளி என்று ஊரார் சொல்வர். இதை நான் வகுப்பில் மகிழ்ச்சியோடு விளக்கியிருக்கிறேன்: தேனீயின் நஞ்சு அமிலம், சுண்ணாம்பு காரம், குளவியின் நஞ்சு காரம், புளி அமிலம், ஒன்றை ஒன்று சமன் செய்யும். பாடநூலிலும் அவ்வாறே இருந்தது. கரும்பலகையில் எழுதினால் அழகாகவும் இருந்தது. உண்மை வேறு. 1671இல் ஜான் ரே என்னும் ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து ஓர் அமிலத்தைக் கண்டதை எழுதினார். எறும்பின் இலத்தீன் பெயராலேயே அது பார்மிக் அமிலம் எனப்பட்டது. தேனீயின் கொடுக்கிலும் அதுவே இருக்கும் என்று பின்னாளில் கருதிவிட்டனர். தேனீ நஞ்சில் பெரும்பகுதி மெலிட்டின் என்னும் சிறு புரதம். அது தோலுக்கு அடியில் செலுத்தப்படுகிறது. தோலின் மேல் தடவிய சுண்ணாம்பு அதைச் சென்று அடைவதில்லை. வெந்நீரை மறுத்த நான், சுண்ணாம்புக்கு அறிவியல் மாலை சூட்டியிருக்கிறேன்! கொடுக்கைக் கிள்ளி எடுக்கக் கூடாது, வழித்தே எடுக்க வேண்டும் என்பதும் அப்படிப்பட்ட ஒரு விதி. 1996இல் சோதித்துப் பார்த்தபோது எடுக்கும் முறையால் வேறுபாடு இல்லை, எடுக்கும் விரைவே பொருட்படுத்தத்தக்கது என்று கண்டனர். விதியை நினைவுகூர்ந்து கத்தியின் மழுங்கிய பக்கத்தைத் தேடுவதற்குள் நஞ்செல்லாம் இறங்கிவிடும்.

கடற்கொட்டையும் குளவிக்கொட்டையும் ஒரே வரலாற்றில் இணைக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1901இல் மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட், தம் ஆராய்ச்சிக் கப்பலில் சார்ல் ரிசே, பால் போர்த்தியே என்னும் இரு பிரெஞ்சு அறிஞரை அழைத்துச் சென்றார். காற்றுப்பைபோல் மிதந்து, நீண்ட இழைகளால் கொட்டும் நீல உயிரியின் நஞ்சை அவர்கள் ஆராய்ந்தனர். பாரிசுக்குத் திரும்பியபின் கடற்சாமந்தியின் நஞ்சைக் கொண்டு நாய்களிடம் சோதித்தனர். சிறிதளவு நஞ்சைப் பழக்கினால் அடுத்தமுறை உடல் தாங்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நேர்ந்ததோ எதிரிடையானது. முதன்முறை தாங்கிக்கொண்ட நெப்டியூன் என்னும் நாய், சில வாரங்களுக்குப் பின் சிறிதளவு நஞ்சு பட்டவுடனே மூச்சுத் திணறி, அரை மணிக்குள் இறந்தது. 1902இல் இதனை அவர்கள் வெளியிட்டனர். ரிசேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. பலமுறை குளவி கொட்டியும் ஒன்றும் ஆகாத மனிதன் ஒருநாள் ஒரே கொட்டில் உயிர் துறப்பது ஏன் என்னும் புதிருக்கு விடை அங்கே கிடைத்தது. முகம் வீங்கி, உடலெங்கும் தடித்து, மூச்சிறைத்தால், அங்கே சுண்ணாம்பும் பயனில்லை, வெந்நீரும் பயனில்லை. அட்ரினலின் ஊசி ஒன்றே காக்கும். அவ்வட்ரினலினையும் ஜப்பானிய அறிஞர் தக்கமீனே தூய நிலையில் பிரித்து உலகுக்கு அறிவித்தது அதே 1901ஆம் ஆண்டில்தான்.

பாட்டி 1994இல் காலமானாள். நோட்டுப் புத்தகத்தில் சாணச் சாம்பல் என்று எழுதிய வரியை அவள் எதிரிலேயே அடித்துவிட்டேன், அவள் தலையசைத்தாள். அதன்பின் அவள் தெருவில் எந்தப் பிள்ளைக்குக் காயம் பட்டாலும், “சோப்புப் போட்டுக் கழுவி ஊசிக்குக் கூட்டிப் போ” என்று அவளே சொல்லத் தொடங்கியதாகப் பின்னர்க் கேள்விப்பட்டேன்.

அந்த மாணவன் இன்று ஐம்பது வயதை ஒட்டியவன். சொந்தமாக நாட்டுப்படகு வைத்திருக்கிறான். சென்ற ஆண்டு அவனைக் காணச் சென்றிருந்தபோது, கடலுக்குப் புறப்படும் ஏற்பாட்டில் இருந்தான். வலை, குடிநீர், சோற்றுவாளி இவற்றுக்கு நடுவே இரண்டு ஃப்ளாஸ்க்குகள் இருந்தன. ஒன்றில் தேநீர் என்றான். மற்றொன்றில் என்ன என்று நான் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே காலைச் சற்று உயர்த்திக் கணுக்காலில் இருந்த வெண்மையான தழும்பைக் காட்டினான்.